குறைந்த பட்ஜெட் கேமிங் கணினி: எந்தப் பாகத்தில் காசைப் போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது

கேமிங் கணினி சேர்க்கலாம் என்று உட்காருகிறவர்கள் பெரும்பாலும் பிராசஸரில்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள். இன்டெலா ஏஎம்டியா, ஆறு கோரா எட்டு கோரா என்று ஒரு வாரம் ஓடிவிடும். அதற்கேற்ற மதர்போர்டு, கண்ணாடி வைத்த கேபினட், கலர் விளக்கு போட்ட ராம் எல்லாம் பட்டியலில் ஏறிய பிறகு, மிச்சமிருக்கும் காசுக்கு ஏதோ ஒரு கிராபிக்ஸ் கார்டு. பட்ஜெட் கணினி கெட்டுப்போவது இந்த வரிசையால்தான். காசு தாராளமாக இருந்தால் எதை முதலில் எடுத்தாலும் ஒன்றும் ஆகாது. அளவாக இருக்கும்போது, கடைசியில் எடுக்கும் பாகத்தின் தலையில்தான் எல்லாக் குறையும் வந்து விழும்.

ஆகவே என்ன விளையாடப் போகிறோம், எந்த மானிட்டரில் என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 போன்ற போட்டி ஆட்டங்கள் கிராபிக்ஸ் கார்டை அவ்வளவாக வாட்டுவதில்லை. அவற்றில் நொடிக்கு 144 ஃபிரேமுக்கு (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களுக்கு) மேல் நிலையாக வேண்டுமென்றால் உழைக்க வேண்டியது பிராசஸர். சைபர்பங்க் 2077 மாதிரி பெரிய கதை ஆட்டங்களில் அப்படியே தலைகீழ். பிராசஸர் பாதி வேலையோடு சும்மா இருக்கும், கார்டு மூச்சு வாங்கும். மானிட்டரும் கணக்கை மாற்றும். 1080பி (1920 x 1080 புள்ளி) திரையில் ஒரு ஃபிரேமுக்கு ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகளை வரைய வேண்டும். 1440பி என்றால் 36.9 லட்சம், அதாவது 78 சதவீதம் கூடுதல் சுமை. பட்ஜெட் கணினிக்கு 1080பி போதும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். வீட்டில் இருப்பது 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 படம் காட்டும்) மானிட்டர், அதை மாற்றும் எண்ணமும் இல்லை என்றால், 150 ஃபிரேம் தரும் கணினிக்குச் செலவு செய்வதில் பெரிய பலன் இல்லை.

இதற்கு மேல் நான் எல்லாப் பாகத்துக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: இதை நாளைக்கு மாற்ற எவ்வளவு பாடு? கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி வேறொன்றைச் சொருக ஐந்து நிமிடம் போதும். எஸ்எஸ்டி இன்னொன்று சேர்க்கலாம். மதர்போர்டை மாற்றினால் பிராசஸர், ராம் என்று ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வரும். பவர் சப்ளையை மாற்றினால் எல்லா வயரையும் மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டு: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

மானிட்டரை விட்டுவிட்டுப் பார்த்தால், மொத்தப் பட்ஜெட்டில் 40 சதவீதம் வரை இதற்கு ஒதுக்குவது நியாயம். போட்டி ஆட்டம் மட்டுமே விளையாடுகிறவர் இன்னும் குறைக்கலாம்.

பட்ஜெட் வரிசையில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் சில உண்டு. 2021இல் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி மெமரி, 132 வாட். அதே ஆண்டு வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி, 170 வாட். 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060, மறுபடி 8 ஜிபிக்கே இறங்கியது, ஆனால் 115 வாட்டில் 3060ஐ விட வேகமாக ஓடும். 2024 டிசம்பரில் இன்டெல் ஆர்க் பி580, 12 ஜிபி, 190 வாட். 2025இல் ஆர்டிஎக்ஸ் 5060, 8 ஜிபி. அதே ஆண்டு ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, 8 ஜிபியிலும் 16 ஜிபியிலும்.

இதில் சண்டை எல்லாம் 8 ஜிபியைப் பற்றித்தான். 8 ஜிபி போதுமா என்றால், 1080பியில் டெக்ஸ்ச்சரை (பொருள்களின் பரப்பின் மேல் ஒட்டும் படங்களின் தரத்தை) ஒரு படி குறைத்து வைத்தால் பெரும்பாலான ஆட்டங்களுக்குப் போதும். போதாமல் போகும்போது நடப்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது முக்கியம். கார்டின் மெமரி நிரம்பியதும், மீதித் தகவல் கணினியின் சாதாரண ராமில் போய் உட்காரும். தேவைப்படும்போதெல்லாம் மதர்போர்டு ஸ்லாட் வழியாக அதை இழுத்து வர வேண்டும். சராசரி ஃபிரேம் எண்ணிக்கை பெரிதாகக் குறைந்ததாகத் தெரியாது. ஆனால் திரும்பும்போது படம் ஒரு கணம் தடுக்கி நிற்கும், தூரத்துச் சுவர்கள் குழைத்துப் பூசியது மாதிரி மங்கலாக இருக்கும். சில ஆட்டங்கள் தடுக்கி நிற்பதற்குப் பதிலாகச் சொல்லாமல் கொள்ளாமல் டெக்ஸ்ச்சரின் தரத்தைக் குறைத்துவிடும். அதனால்தான் சராசரி எண்ணை மட்டும் காட்டும் ஒப்பீடுகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை; மிகக் குறைந்த 1 சதவீத ஃபிரேம்களின் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் வருகிறது. ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்க் பி580, ஆர்டிஎக்ஸ் 5060 எல்லாமே ஸ்லாட்டில் தகவல் போய்வரும் 16 தடங்களில் 8 தடத்தை மட்டுமே பயன்படுத்துகிறவை. பிசிஐஇ (கார்டைச் சொருகும் ஸ்லாட்டின் தரநிலை) 4.0 ஸ்லாட்டில் இது ஒரு குறையே இல்லை. பழைய பிசிஐஇ 3.0 மதர்போர்டில் அதே கார்டைப் போட்டால் பாதை பாதியாகச் சுருங்கும். மெமரி நிரம்பாதவரை சில சதவீதம்தான் இழப்பு. 8 ஜிபி நிரம்பிவிட்டால் அடி பலமாக விழும். 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இதற்கு மோசமான உதாரணம்: 4 ஜிபி மெமரி, வெறும் 4 தடம். பழைய போர்டு வைத்திருப்பவருக்காகவே செய்ததுபோல் விலை வைத்து, அந்தப் பழைய போர்டில்தான் அது அதிகம் திணறியது. பிசிஐஇ 3.0 போர்டை மாற்றாமல் கார்டை மட்டும் புதுப்பிக்க நினைப்பவர்கள் 16 தடமும் உள்ள ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபியையோ ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியையோ பார்ப்பது புத்திசாலித்தனம்.

ஆர்க் பி580 பேப்பரில் எல்லாரையும் அடிக்கும். 12 ஜிபி, அகலமான 192 பிட் மெமரி பாதை, வேகமும் குறைவில்லை. ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) ரீசைசபிள் பார் என்ற, பிராசஸரைக் கார்டின் மெமரி முழுவதையும் ஒரேயடியாக அணுக விடும் அமைப்பு இயங்க வேண்டும். இல்லாவிட்டால் வேகம் பெரிதாக விழும். இரண்டு, அதன் டிரைவர் பிராசஸரிடம் நிறைய வேலை வாங்கும். ரைசன் 5 5600 போன்ற பிராசஸரோடு சேர்த்தபோதே சில ஆட்டங்களில் அது எதிர்பார்த்ததைவிடப் பின்தங்கியதைச் சோதித்தவர்கள் காட்டினார்கள். பட்ஜெட் கார்டு ஒன்று பட்ஜெட் பிராசஸரோடு ஒத்துப்போகாதது வேடிக்கைதான். ஏஎம்டியின் புதிய ஏஎம்5 சாக்கெட்டில் (பிராசஸர் உட்காரும் இடத்தில்) பொருந்தும் பிராசஸரோடு என்றால் தாராளமாக எடுக்கலாம். பழைய கணினிக்கு வேண்டாம்.

என்விடியாவுக்கும் ஏஎம்டிக்கும் இடையே, ஒரே விலையில் வெறும் வேகத்தை மட்டும் பார்த்தால் ஏஎம்டி பெரும்பாலும் கொஞ்சம் முன்னால் நிற்கும். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் அந்த இடைவெளியை அடைத்துவிடுகிறது. குறைந்த அளவில் வரைந்து பெரிதாக்கும் இந்த உத்தி 1080பியில் ஏஎம்டியின் அதே மாதிரி உத்தியான எஃப்எஸ்ஆரின் பழைய பதிப்புகளைவிடத் தெளிவாகத் தெரியும். எஃப்எஸ்ஆர் 4 நல்ல முன்னேற்றம், ஆனால் ஏஎம்டி அதை ஆர்எக்ஸ் 9000 வரிசைக்கென்றுதான் வெளியிட்டது. ஆர்எக்ஸ் 6600 எடுப்பவர் அதை எதிர்பார்த்து எடுக்கக் கூடாது. இடையிடையே செயற்கையாக ஃபிரேம்களைச் சேர்க்கும் ஃபிரேம் ஜெனரேஷன் விளம்பரங்களைப் பார்த்தும் மயங்க வேண்டாம். 30 ஃபிரேமை 60 என்று காட்டினாலும் மவுஸை அசைக்கும்போது கைக்குத் தெரிவது அந்தப் பழைய 30தான். போதாக்குறைக்கு அதற்கும் கொஞ்சம் மெமரி வேண்டும், 8 ஜிபி கார்டில் இல்லாத அதே மெமரி.

பெயரில் ஏமாறுவதும் இந்த விலையில்தான் அதிகம். ஆர்டிஎக்ஸ் 3050 என்று இரண்டு கார்டுகள் உண்டு. 2022இல் வந்தது 8 ஜிபி. 2024இல் வந்த 6 ஜிபி கார்டு மெமரியில் மட்டுமல்ல, கோர்களிலும் குறைந்தது. ஆர்எக்ஸ் 580இல் 2304 கோர் உள்ளதும் உண்டு, அதே பெயரில் 2048 கோர் உள்ளதும் உண்டு. பெட்டியின் மேல் இருக்கும் பெரிய எழுத்தை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

என் கணக்கு இப்படி: புதிதாக வாங்குகிறவருக்கு 16 ஜிபி ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி எட்டினால் அதுவே முதல் தேர்வு. எட்டவில்லை என்றால், கதை ஆட்டம் விளையாடுகிறவர் கையில் வேகமான பிராசஸர் இருந்தால் பி580, இல்லாவிட்டால் ஆர்டிஎக்ஸ் 4060 அல்லது 5060. அதுவும் முடியாதபோது ஆர்எக்ஸ் 6600. அதற்குக் கீழே புதுக் கார்டு வாங்குவது காசைக் கரைப்பது.

பிராசஸர்: ஏஎம்4, ஏஎம்5, அல்லது இன்டெலின் 12ஆம் தலைமுறை

இதில் மூன்று வழி உண்டு. முதல் வழி ஏஎம்டியின் முந்தைய ஏஎம்4 சாக்கெட்டில் ரைசன் 5 5600. ஆறு கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), 32 எம்பி கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி), 65 வாட். கூலர் பெட்டியிலேயே வரும். ராம் முந்தைய தலைமுறையான டிடிஆர்4. இரண்டாவது வழி இன்டெல் ஐ5-12400எஃப், 2022இல் வந்தது. இதுவும் ஆறு கோர், 12 த்ரெட். வேகத்தில் 5600ஓடு தோளுக்குத் தோள். டிடிஆர்4 போர்டும் கிடைக்கும், டிடிஆர்5 போர்டும் கிடைக்கும். மூன்றாவது வழி ஏஎம்5: ரைசன் 5 7500எஃப் அல்லது 7600. கோர் எண்ணிக்கை அதே ஆறு, ஆனால் தெளிவாக வேகம் கூடியவை. டிடிஆர்5 மட்டுமே.

ஏஎம்5ஐப் பரிந்துரைப்பவர்கள் சொல்லும் முதல் காரணம், பிறகு மேம்படுத்தலாம் என்பது. அதில் உண்மை இருக்கிறது. ஏஎம்4 வரலாறே சாட்சி: 2017இல் முதல் ரைசனை வாங்கியவர்களில் பலர், பயாஸை மட்டும் புதுப்பித்து, 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியை அதே போர்டில் போட முடிந்தது. ஏஎம்5ஐ 2027 வரையும் அதற்கு அப்பாலும் ஆதரிப்போம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனாலும் ஒரு கேள்வி. பட்ஜெட்டில் கணினி வாங்குகிறவர் உண்மையிலேயே மூன்று ஆண்டில் பிராசஸரை மாற்றுகிறாரா? நான் பார்த்த வரையில் கார்டை மாற்றுவார்கள், ராம் சேர்ப்பார்கள். பிராசஸரைத் தொடும் காலம் வரும்போது முழுக் கணினியையும் மாற்றிவிடுவார்கள். வராத பயணத்துக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுப்பதில் அர்த்தமில்லை.

சரி, அப்படியானால் ஏஎம்4தானா? 60 முதல் 100 ஃபிரேமில் கதை ஆட்டம் விளையாடுகிறவருக்கு ஆமாம். போர்டிலும் ராமிலும் மிச்சமாகும் காசு கார்டில் ஒரு படி மேலே ஏற்றிவிடும், அந்தப் படி திரையில் தெரியும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் போட்டி ஆட்டமும் என்றால் ஏஎம்5 பக்கம் போவது சரி. அங்கே கார்டு சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

ராம் விலையும் இந்த முடிவில் கை வைக்கிறது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதால், 2025இன் கடைசி மாதங்களில் ராம் விலை செங்குத்தாக ஏறியது. டிடிஆர்5 மட்டுமல்ல, டிடிஆர்4உம் ஏறியது. கையில் ஏற்கெனவே 16 ஜிபி டிடிஆர்4 இருக்கிறவர் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு ஏஎம்5க்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. 5600ஓ, டிடிஆர்4 போர்டில் 12400எஃப்ஓ வாங்கி அந்த ராமையே தொடரலாம்.

5600க்கும் 12400எஃப்க்கும் நடுவே எது மலிவோ அதை எடுங்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் போர்டைச் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். இன்டெலின் எச்610 போர்டுகளில் ராம் வேகத்தைக் கூட்ட வழியில்லை, ஸ்லாட்டும் பெரும்பாலும் இரண்டுதான். ஏஎம்4இல் ஏ520 போர்டு பிசிஐஇ 3.0 மட்டுமே தரும், பி550 தான் 4.0 தரும். மேலே சொன்ன 8 தட விவகாரம் இங்கே வந்து ஒட்டிக்கொள்கிறது பாருங்கள். அதே காரணத்துக்காகத்தான் ரைசன் 5 5500ஐ நான் தள்ளி வைப்பேன். பெயரில் 100 எண் குறைவு, அவ்வளவுதானே என்று தோன்றும். கேஷ் பாதி, 16 எம்பி. எந்தப் போர்டில் போட்டாலும் பிசிஐஇ 3.0.

இன்டெல் வழியில் பின்னாளில் 13 அல்லது 14ஆம் தலைமுறை ஐ7க்குப் போகலாம் என்று திட்டமிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அந்தத் தலைமுறைகளின் உயர்நிலை பிராசஸர்கள் தேவைக்கு மேல் வோல்டேஜ் வாங்கி நாளடைவில் நிலைகுலைந்தன. இன்டெல் 2024 ஆகஸ்டில் மைக்ரோகோடு (பிராசஸருக்குள் ஓடும் கட்டளைத் தொகுப்பு) திருத்தம் வெளியிட்டது, வாரன்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. திருத்தம் ஏற்கெனவே சேதமான பிராசஸரைக் குணப்படுத்தாது. ஆகவே அவற்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவது சூதாட்டம். 12ஆம் தலைமுறைக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

நான்கு கோர் ஐ3-12100எஃப் மலிவாகக் கிடைத்தால்? போட்டி ஆட்டங்களுக்கு இன்றும் நன்றாகவே இருக்கும். புதிய பெரிய ஆட்டங்களில் கூட்டமான தெருக்களில் தடுமாறும்.

எஃப் என்று முடியும் பிராசஸர்களில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு பழுதானால் திரையே வராது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

கார்டே இல்லாமல் ஆரம்பிப்பதும், பழைய அலுவலகக் கணினியும்

இப்போதைக்குக் கார்டு வாங்க முடியாது, பிறகு பார்க்கலாம் என்பவர்களுக்கு ரைசன் 5 5600ஜி, 8600ஜி போன்றவை உண்டு. 8600ஜி 1080பியில் அமைப்புகளைக் குறைத்து வைத்தால் நிறைய ஆட்டங்களை ஓட்டும். கெட்டிக்காரத்தனமான வழிதான், ஆனால் பின்னால் கார்டு வாங்கும்போது கணக்குத் தீர்க்கும்: 5600ஜி பிசிஐஇ 3.0, 8600ஜி கார்டுக்குக் கொடுப்பது 8 தடம். இரண்டிலும் கேஷ் 16 எம்பிதான். ஆறு மாதத்தில் கார்டு வந்துவிடும் என்றால் சாதாரண 7600ஐ வாங்கிவிட்டு, அதற்குள் இருக்கும் சின்னக் கிராபிக்ஸில் பழைய ஆட்டங்களை விளையாடிக்கொண்டு காத்திருப்பது மேல்.

இன்னும் கீழே இறங்கினால், அலுவலகங்களில் கழித்துக்கட்டிய கணினியை வாங்கி ஒரு கார்டைச் சொருகும் வழி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 ஏற்கும் 8ஆம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்தையதைத்தான் பார்க்க வேண்டும். ஐ5-8500 ஆறு கோர் கொண்டது, தாங்கும். தொல்லை பவர் சப்ளையில் இருக்கிறது. இந்தக் கணினிகள் பலவற்றில் போர்டும் பவர் சப்ளையும் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய இணைப்போடு வரும். கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளை பொருந்தாது, கார்டுக்கான 8 பின் வயரும் இருக்காது. அதனால் தனி மின் இணைப்பு கேட்காத கார்டுதான் போட முடியும். மேலே திட்டிய 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபிக்கு இங்கே மட்டும் ஒரு வேலை உண்டு. மெலிந்த கேபினட் என்றால் கார்டின் உயரத்தையும் அளந்துகொள்ள வேண்டும்.

பவர் சப்ளை, ராம், மற்றவை

பவர் சப்ளையில் கஞ்சத்தனம் வேண்டாம் என்பது எல்லாரும் சொல்வது. எதைப் பார்த்து வாங்குவது என்றுதான் சொல்வதில்லை. 80 பிளஸ் முத்திரை, மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே சொல்லும். பாதுகாப்பு பற்றியோ தரம் பற்றியோ அது எதுவும் சொல்லாது. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் வரிசையின் ஆம்பியரைப் பாருங்கள். அதை 12ஆல் பெருக்கினால் வருவதுதான் கார்டுக்கும் பிராசஸருக்கும் கிடைக்கும் உண்மையான வாட். பெட்டியில் 500 என்று போட்டுவிட்டு இங்கே 300 சொச்சம் வந்தால் கீழே வைத்துவிடுங்கள். ஐந்து ஆண்டு வாரன்டி தரும் 550 வாட் ஒன்று, வெறும் எண் மட்டும் பெரிதாக இருக்கும் 750ஐ விட மேல். 5600ஓடு 4060 சேர்ந்தால் ஆட்டத்தின்போது மொத்தக் கணினியும் 250 வாட் அளவில்தான் இழுக்கும். ஆகவே 550 தாராளம். அடுத்த கார்டையும் மனதில் வைத்தால் 650.

ராம் 16 ஜிபி, இரண்டு 8ஆக. ஒற்றை 16ஐப் போட்டால் இரண்டு பாதையில் ஒன்று சும்மா கிடக்கும், பிராசஸர் தடுமாறும் இடங்களில் அது தெரியும். நான்கு ஸ்லாட் இருந்தால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். அப்புறம் பயாஸுக்குள் போய் ராமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் 6000 என்று காசு கொடுத்து வாங்கிய டிடிஆர்5 பெரும்பாலும் 4800இலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

எஸ்எஸ்டி 1 டிபி, என்விஎம்இ (பிசிஐஇ வழியாக ஓடும் ரகம்). அதில் அதிவேக ரகத்துக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம், ஆட்டம் திறக்கும் நேரத்தில் வித்தியாசம் ஓரிரு நொடிதான். ஒரே ஆட்டம் 100 ஜிபிக்கு மேல் பிடிக்கும் காலத்தில் 500 ஜிபி சீக்கிரம் மூச்சு முட்டும். கேபினட் முன்பக்கம் வலை இருக்கட்டும், கண்ணாடி வேண்டாம்.

செகண்ட் ஹேண்டில் கார்டு வாங்குவதைப் பற்றிப் பயம் அதிகம், அதில் பாதி தேவையற்றது. கிரிப்டோ நாணயம் ஈட்டும் மைனிங்கில் ஓடிய கார்டு என்றாலே வேண்டாம் என்பார்கள். எதீரியம் மைனிங் 2022 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. அந்தக் கார்டுகளில் தேய்ந்திருப்பது பெரும்பாலும் ஃபேனும் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேடும்தான், இரண்டையும் மாற்றலாம். மைனிங்கைவிட வயதைத்தான் நான் பார்ப்பேன். ஜிடிஎக்ஸ் 1060, 1070 போன்ற பாஸ்கல் கார்டுகளுக்குப் புதிய ஆட்டங்களுக்கான டிரைவர்களை என்விடியா 2025இல் நிறுத்திவிட்டது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், 2025இல் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் இரண்டும் ரே டிரேசிங் (ஒளியின் போக்கைக் கணக்கிட்டு வரையும்) வசதி கார்டிலேயே இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. ஆகவே பழையதில் ஆர்டிஎக்ஸ் 2060, ஆர்எக்ஸ் 6600 இவற்றுக்குக் கீழே இறங்க வேண்டாம். ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி வேகமாக இருந்தாலும் இந்தச் சல்லடையில் நிற்காது.

வாங்கும்போது கணினியில் மாட்டி இயங்குவதைக் காட்டச் சொல்லுங்கள். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து கோர் எண்ணிக்கையும் மெமரியும் பெயரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பயாஸை மாற்றி வேறு கார்டின் பெயரைக் காட்டும் போலிகள் சந்தையில் உண்டு. கனமான ஆட்டம் ஒன்றை அரை மணி நேரம் ஓட விட்டு வெப்பத்தைக் கவனியுங்கள், ஃபேன் உரசும் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுங்கள், பின்பக்கத்தில் உள்ள எல்லா டிஸ்பிளே போர்ட்டிலும் வயரை மாற்றி மாற்றிச் சொருகிப் பாருங்கள். இதற்கெல்லாம் நேரமில்லை என்று விற்பவர் சொன்னால், வேறு கார்டைத் தேடலாம்.